தாமதத்திற்கு வருந்துகிறோம்

பேருந்து நிலையத்து அறிவிப்பாளர் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தால் என்ன ஆகும் என்பது பங்கு மக்களுக்கு முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. பவுலடிகளார் எழுதிய திருமுகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார் மனிதர். அன்றிலிருந்து அவர் பெயர் மைக். சொந்தப் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே மறந்திருப்பார்.

குரலைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று அவரிடம் இருந்தது. வாசித்ததை நம்புவார். நாமெல்லாம் நம்புகிற மாதிரி பூசை முடியும்வரை இல்லை, சனிக்கிழமைவரை. ஞாயிறு வாசித்ததை அந்த வாரத்துக்குள் ஒருமுறையாவது செய்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டிருந்தார். பசித்தவனோடு உணவைப் பகிரச் சொன்ன வாரம் அவருடைய மதியச் சாப்பாட்டை எவனோ சாப்பிட்டான். இவர் தண்ணீர் குடித்தார். உடையில்லாதவனுக்கு உடுத்தச் சொன்ன வாரம் அலமாரியில் சீருடை மட்டும் மிஞ்சியது.

"அம்மா, அடுத்த வாரம் என்ன வாசகம்னு பாத்துட்டு அலமாரிய பூட்டு" என்பாள் மகள். வயது பன்னிரண்டு, வாய்க்கு மட்டும் நாற்பது. ஆனால் அப்பாவை அடுப்படியில் நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பவளும் அவள்தான். "பஸ் கிளம்புற மாதிரி இருக்குப்பா. மெதுவா."

அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறு, அவருக்கு வாய்த்தது பைபிளின் ஞான நூல். சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை, வாழ்கிறவர்கள் அழிவதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை என்று வருகிற பகுதி. கணீரென்று வாசித்தார். வாசித்த சூட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "என் வாயாலேயே வாசிச்சுட்டு வர்றேன். கவலைப்படாதே, வீட்டுக்கு வந்துடுவா" என்று மனைவியிடம் அறிவித்தார்.

அன்று சாயங்காலம் மகள் இறந்துபோனாள்.

வராத பேருந்துக்காக அவருடைய கண்ணாடிக் கூண்டைத் தட்டிச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நான் சொல்றவன் மட்டும்தாங்க, ஓட்டுறவன் இல்ல." மனைவியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளும் சண்டைக்கு வரவில்லை. பூசைக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், எந்தச் செபத்துக்கும் உதட்டைப் பிரிக்கவில்லை. இவர் வாசிப்பதை விட்டுவிட்டார்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. யார் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்துக்கொண்டு அவை வருவதில்லை. அதே ஞாயிறு வந்தது. வாசிக்க வேண்டிய டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் மணி அடித்த பிறகு, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் வந்து நின்றார்.

"மைக்கு, இன்னிக்கு ஒரு நாள் ஏறிடுப்பா."

"வேற ஆளே இல்லையா?"

"கண் டாக்டர் இருக்கார். கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டார்."

"நம்பாம வாசிக்கக் கூடாதுங்க."

"யாருப்பா நம்பச் சொன்னது? வாசிக்கத்தானே சொல்றேன்!"

ஏறினார். பஸ் கிளம்புகிற மாதிரி இல்லாமல், மெதுவாக வாசித்தார். சாவைப் பற்றிய வரி வந்தது. அதையும் விழுங்காமல் சொன்னார். முடிந்ததும் நிமிர்ந்து, 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொல்ல வேண்டும். நிமிர்ந்தார். கடைசி வரிசையிலிருந்து மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய, பொய்யில்லாத ஒரு வார்த்தையைத் தேடிய வாய், பழகிய இடத்துக்கே ஓடியது.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றார்.

பாடகர் குழுவில் ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவன் இடித்ததும் நிறுத்தினான். இதற்கு மக்கள் சொல்ல வேண்டிய பதில் எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு மூன்று பேர் பழக்கதோஷத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். மைக் இறங்கி, வாசகர் நாற்காலியைத் தாண்டி, நடுவழியே நடந்து கடைசி வரிசைக்குப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

நற்செய்திக்கு எல்லாரும் எழுந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்; செத்துப்போனாள் என்று வீடே அழுகிறது; இயேசு கையைப் பிடிக்கிறார்; எழுந்து நடக்கிறாள். மைக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று இயேசு சொல்கிற இடம் வந்தபோது மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்குக் காலையில முட்டை கேட்டா அவ. ஒரே ஒரு அவிச்ச முட்டை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"டாக்டர கேக்கலாம்னு எந்திரிச்சேன். நீங்க வந்து, வீட்டுக்கு வந்துடுவான்னீங்க. சரி, வீட்டுல வச்சு அவிச்சுக் குடுத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

மூன்று வருடமாக அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு முட்டை.

"சாப்பிடக் குடுக்கச் சொல்றாரே, இதை எப்படிங்க செய்வீங்க, சனிக்கிழமைக்குள்ள?" என்றாள்.

சாப்பாட்டையும் சட்டையையும் தூக்கிக் கொடுத்தவர் அவளுடைய கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பிரசங்கம் கேட்க எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் நின்றபடியே அழுதார்கள். உட்காரச் சொல்லி உபதேசியார் தூரத்திலிருந்து கை காட்டினார். ஒருதரம், இன்னொரு தரம். அப்புறம் அவருக்கு என்ன தோன்றியதோ, கையை மடக்கிக்கொண்டு அவரும் எழுந்து நின்றார்.