குறட்டை விட்டாலும் நீதான்

கோப்பைகளிலும் கேடயங்களிலும் பெயர் பொறிப்பது அவர் தொழில். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய பிறந்தநாளுக்கென்று ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்கி வைத்திருந்தார். அதில் ‘குறட்டை விட்டாலும் நீதான்’ என்று பொறிக்க ஆசை. தமிழில் போட்டால் வார்டே படித்துச் சிரிக்கும். பள்ளிக்கூடக் கேடயம் ஒன்றில் எப்போதோ லத்தீன் வரி பொறித்தது ஞாபகம் வந்தது. அந்த மொழியில் எதை எழுதினாலும் கம்பீரமாக இருக்கும். யாருக்கும் புரியவும் புரியாது.

கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில், லத்தீன் தெரிந்தவர்கள் கூடும் குழுக்களைப் போனில் தேடினார். முதலில் சேர்ந்த குழுவில் ஈ காக்கா இல்லை. கடைசிக் கேள்வி பதிலில்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தது. அடுத்ததில், வீட்டுப்பாடத்தை நீயே செய் என்று விரட்டிவிட்டார்கள். நரைத்த தலையைப் பள்ளிக்கூடப் பையன் என்று நினைத்துவிட்டார்களே என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

மூன்றாவது குழுவில்தான் மனிதர்கள் இருந்தார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டதற்கு உடனே வரி கிடைத்தது, கூடவே ஒரு சந்தேகமும். அந்த அம்மா உண்மையிலேயே குறட்டை விடுகிறாரா, இல்லை, விட்டாலும் விடலாம் என்ற பேச்சா? அதைப் பொறுத்து வினைச்சொல்லில் ஓர் எழுத்து மாறுமாம்.

சத்தியமாக விடுகிறாள் என்று எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏற்கவில்லை. உங்கள் மனைவியையே கேட்டீர்களா, அவர் ஒத்துக்கொள்ளும்வரை அது ஊகம்தான் என்றார்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“நீ குறட்டை விடுறேன்னு ஒத்துக்கிறியா?”

“இப்ப எதுக்குங்க இந்தக் கேள்வி?”

மென்று விழுங்கிப் பார்த்தார், முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“இத்தனை பேரு என் தூக்கத்தைப் பத்திப் பேசியிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்த டீச்சருக்குத்தான் தோணியிருக்கு.”

பிறகு அவளே பதில் எழுதினாள். சம்பந்தப்பட்ட ஆள் நான்தான், ஆதாரம் கிடையாது, ஊகம் என்றே போடவும். குழுவே குதூகலித்தது. ஒருவர் மட்டும் ஒலிப்பதிவு செய்து பார்க்கலாமே என்றார். அவரை எல்லோரும் சேர்ந்து அடக்கினார்கள்.

மறுநாள் ஊகத்தையே பொறித்தார். டியூட்டிக்குப் போகும் வழியில் அவள் கடைக்கு வந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். எந்த எழுத்து மாறியது என்று கேட்டாள். காட்டினார்.

“எப்பவாவது விடுவேனா இருக்கும். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.”

குழுவில் எழுதிவிடட்டுமா என்று கேட்டார். அதெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று சொல்லி, ஃபிளாஸ்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.