சுணக்கம்

ஈரத் துணியால் தகப்பனின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த மீனாம்பிகைக்கு முதல் வெட்டுச் சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. கிணற்றடிப் பக்கம். இரண்டாவது வெட்டு. கோடாலிதான், மாமரத்தில்தான்.

"நாசமறுப்பான்!" என்றாள் வாய்க்குள்.

அப்புவின் மூக்கடியில் புறங்கையை வைத்தாள். ஒன்றும் இல்லை. தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் மெல்லிய சூடு வந்து தட்டியது. இருக்கிறார். அப்பு இருக்கிறார்.

விடியற்காலை நாடி பார்த்த பரியாரியார் சொல்லிவிட்டுத்தான் போனார். "இனி மூச்சு நிண்டு நிண்டுதான் வரும் பிள்ளை. அதைக் கண்டு பயப்பிடாதை. பொழுதுபடுமட்டும் பாப்பம்." அவளும் புருசன் கனகரத்தினமும் கேட்டார்கள். தம்பி தியாகராசா அப்போது இங்கே இல்லை. மனைவி வீடு இருக்கிற அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் அவன் வந்து சேர்ந்தது இப்போதுதான். வந்தான், அப்புவின் கையைப் பிடித்தான், அந்த நேரம் பார்த்து மூச்சு நின்றது. "அப்பு!" என்று ஒரு குரல் வைத்தான். அவள் வாயைத் திறக்குமுன் எழும்பி ஓடிவிட்டான். வெளியே நின்று அழப்போகிறானாக்கும் என்று அவள் நினைத்தாள். அவனாவது நிற்கிறதாவது!

செத்தவீட்டில் முதல் வேலை வளவில் நிற்கிற மாமரத்தைத் தறிப்பது. எரிக்க அதுதான் விறகு. வருத்தக்காரர் சாகக் கிடக்கிற வீட்டு மாமரத்தில் கோடாலி விழுந்தால் ஒழுங்கைச் சனத்துக்கு வேறு சாவுச் சேதி தேவையில்லை. உயிர் போகுமுன் அதைத் தொட்டவன் என்று இந்த ஊரில் இதுவரை ஒருவனும் இல்லை.

மற்றவர்களுக்கு நினைப்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு படலை இருக்கும், திறந்து பார்த்துத்தான் போவார்கள். தியாகராசாவுக்கு அந்தப் படலையை வைக்க மறந்துபோனார்கள். சுன்னாகம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனவன் மூன்று மாதத்துக்குப் பிறகு பினாங்கில் நிற்கிறான் என்று சேதி வந்தது. போன அதே வேகத்தில் திரும்பியும் வந்தான். பக்கத்து வளவுக் குழந்தை கிணற்றில் விழுந்தபோது முதலில் குதித்தவனும் அவன்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது. குழந்தையோடு அவனையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாயிற்று. கெட்டவன் என்று அவனைச் சொல்ல ஒருவருக்கும் நா எழாது, ஆனால் அவனை வெளியே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த நாளும் இந்த வீட்டில் இல்லை.

மூன்றாவது வெட்டு. கனகரத்தினம் திருவாசகம் படிக்கிறவரைக் கூட்டிவர அளவெட்டிக்குப் போயிருந்தான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவள் எழும்பிப் போகிற நேரம் அப்பு போய்விட்டால்? போகாமல் இருந்து, அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டால்? பெற்ற பிள்ளை தனக்கு விறகு தறிக்கிறான் என்று தெரிந்துகொண்டா இந்த மனுசன் கண்ணை மூட வேண்டும்? துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தம்பி! விடடா கோடாலியை! அப்பு இருக்கிறாரடா!"

ஓங்கிய கோடாலி மேலேயே நின்றது. அவன் முகம் முழுக்கக் கண்ணீரும் வேர்வையும்.

"இருக்கிறாரோ?"

"ஓமடா, இருக்கிறார்!"

அவன் சிரித்தான். உண்மையாகவே சந்தோசப்பட்டுச் சிரித்தான். பிறகுதான் மரத்தைப் பார்த்தான். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் காயம், பால் வடிந்துகொண்டிருந்தது. கோடாலி கையிலிருந்து நழுவியது.

"நான் கண்டனான் அக்கா. மூச்சு நிண்டது. என்ரை கண்ணாலை கண்டனான்."

"கண்டால் ஒரு சொல்லுக் கேக்கிறதுக்கு என்ன? பக்கத்திலை நான் ஒருத்தி இருக்கிறன் எல்லே!"

படலையடியில் இரத்தினம்மா மாமி கொண்டையை அவிழ்த்தபடி, "என்ரை ராசா, எங்களை விட்டுப் போட்டியோ..." என்று தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். மீனாம்பிகை பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தாத குறைதான்.

"மாமி, கும்பிட்டன், சத்தம் போடாதையுங்கோ. அப்பு இருக்கிறார்."

"அப்ப கோடாலிச் சத்தம்?"

"தம்பி விறகு கொத்தினவன்."

மாமி எட்டி மரத்தைப் பார்த்தாள். கீழே குந்தியிருந்தவனைப் பார்த்தாள். "ஓமோம், விறகுதான்," என்று கொண்டையை முடிந்துகொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மற்றவர்களும் வேலிக்கரையில் அப்படியே நின்றார்கள்.

மீனாம்பிகை உள்ளே ஓடி வந்தபோது அப்புவின் கண் திறந்திருந்தது. இரண்டு நாளாகத் திறக்காத கண்.

"ஆர் தறிக்கிறது?"

குரல் காற்றாகத்தான் வந்தது.

"பக்கத்துத் தம்பிராசா வளவிலை, அப்பு. பனை தறிக்கினம்."

அப்பு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மூச்சு நின்றது. வந்தது.

"பனையெண்டால் உந்தச் சத்தம் வராது."

அவள் குனிந்து, போட்டுவிட்டுப் போன துணியை எடுத்தாள்.

"உவன்தானே?"

"அவன் தெரியாமல்... நீங்கள் போட்டியள் எண்டு நினைச்சு..."

அப்புவின் கன்னம் அசைந்தது. கோபமோ என்று குனிந்து பார்த்தாள். இல்லை, சிரிக்கப் பார்க்கிறார்.

"அவனிலை பிழையில்லை, பிள்ளை. என்னிலைதான் சுணக்கம்."

அவளால் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

"காலை அகட்டி வைச்சுத் தறிக்கச் சொல்லு. தன்ரை காலிலை போட்டிடுவான்."

கதவடியில் நிழல் அசைந்தது. தியாகராசா நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவள் கையால் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். வாடா, வந்து இந்தக் கையைப் பிடியடா. எத்தனை இடத்துக்குக் கேளாமல் பாய்ந்தவன் நீ! அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அப்பு பதறிப்போவார். கண்ணால் கெஞ்சினாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்தான். கையில் மரப்பால் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். காலை எடுத்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குத் திரும்பினான்.

கிணற்றுத் துலா இறங்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தமும் கேட்டன. இவ்வளவு நேரம் எடுத்து அவன் எதையும் செய்ததில்லை.

அப்புவின் மூச்சு நின்றது. அவள் புறங்கையை வைத்தாள். காத்திருந்தாள். அந்தச் சூட்டுக்காகத் தன் மூச்சைத் திரும்பத் திரும்பப் பிடித்து விட்டாள். வரவில்லை. கண் இமையை விரலால் மெல்ல இறக்கினாள்.

"அக்கா," என்றான் கதவடியில். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உள்ளை வரட்டோ?"

எதற்கும் அவன் அனுமதி கேட்டு அவள் கண்டதேயில்லை.

"வா."

நுனிக்காலில் வந்து இருந்தான். உயிர் போகுமுன் கடைசிப் பால் மகன்தான் பருக்க வேண்டும். தலைமாட்டில் இருந்த பால் கிண்ணத்திலிருந்து கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அப்புவின் வாயில் ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றினான். கடைவாயால் வழிந்ததை அவன் காணுமுன் அவள் தலைப்பால் ஒற்றிவிட்டாள்.

"இறங்கிச்சுதோ, அக்கா?"

வேலிக்கரையில் யாரோ இருமினார்கள்.

"ஓம்," என்றாள். "இன்னுங் கொஞ்சம் குடு. ஆறுதலாக் குடு."

அவன் கரண்டியைப் பாலில் தோய்த்து, விளிம்பைக் கிண்ணத்தில் துடைத்து, மெல்லத் தூக்கினான்.