எழுந்திரு என்று சொல்லாத கரை

1

இந்தக் கதை ஒரு தண்ணீர்த் தொட்டியடியில் பிறந்தது. நான் செய்முறை வகுப்பு எடுக்கும் கல்லூரியில் சம்பூர்ணம் கண்ணாடிக் குடுவைகள் கழுவுபவர். ஒரு திங்கட்கிழமை அவர் கழுவிக்கொண்டே சொன்னார், நான் துடைத்துக்கொண்டே கேட்டேன். கோபத்தில் அவர் கை ஓடிய வேகத்துக்கு ஒரு பீக்கர் உடைந்தது. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஞாயிறு காலை பக்தவச்சலமும் அவர் மனைவி சம்பூர்ணமும் சைக்கிளில் [ஊர்ப் பெயரைப் பின்னால் அடித்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்] தாண்டித் தென்பெண்ணைக் கரைக்கு—"

பெயரில்லாத இடத்துக்கு ஆட்களை எப்படி அனுப்புவது? வேறு மாதிரி தொடங்குகிறேன்.

2

பக்தவச்சலம் தங்கவயலில் பிறந்தவர், லிங்கராஜபுரத்தில் குடியிருப்பவர், ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். ஞாயிறு ஒருநாள் தூண்டில் போட வேண்டும். அதற்குமேல் அவருக்கு ஆசை கிடையாது. சம்பூர்ணத்தின் ஆசை அதைவிடச் சின்னது. வாரம் முழுதும் நின்றே வேலை செய்பவர். ஒரு நாளாவது, யாரும் எழுந்திரு என்று சொல்லாமல், உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதுதான் கிடைக்கவில்லை. முதலில் உட்கார்ந்த கரை ஒரு மாந்தோப்புக்காரருடையது. அடுத்தது, வெள்ளைக்காரர்கள் தொடங்கிய தூண்டில் கிளப்புடையது. வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார், அவர் நட்ட பலகை ஏறவில்லை. 'உறுப்பினருக்கு மட்டும்' என்ற எழுத்துக்கு நம்மவர்கள் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் மீன் குத்தகை எடுத்தவரின் ஆள் வந்து, தூண்டில் கழியை வாங்கி, முழங்காலில் வைத்து முறித்தான்.

(அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது: ஆறு எல்லாருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத் தொடுவதற்குத் தாண்டவேண்டிய தோப்பு பொதுவல்ல என்று சொல்லவில்லை. மீன் குத்தகைக்காரருக்கு, உட்காரும் மண் இன்னொருவருக்கு. அப்படியானால் நமக்குப் பொதுவாக இருப்பது எது? பாலத்தின் மேலிருந்து பார்ப்பதா?)

மாந்தோப்புக் காவலாளி முனிகிருஷ்ணனை முதல் வரைவில் கொடுவாள் மீசைக்காரனாக எழுதியிருந்தேன். சம்பூர்ணத்திடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"மீசையா? அந்த ஆளுக்குக் கால்ல செருப்பே இல்லம்மா. 'ஏளம்மா, யஜமானரு பர்த்தாரெ'ன்னு கன்னடத்துல கெஞ்சுறான். எந்திரிம்மா, மொதலாளி வர்றாருன்னு. எங்கள எழுப்பத்தான் அவனுக்குச் சம்பளமே."

மீசையை எடுத்துவிட்டேன். என் கோபத்தை மாட்டிவைக்க இருந்த ஆணியும் அதோடு போயிற்று.

3

பிறகு கிடைத்தது அந்த இடம். ஓர் ஊர்ச் சுடுகாட்டுக்குப் பின்னால், ஆறு வளையும் இடம். பலகை இல்லை, வேலி இல்லை. பிணம் எரிவதைப் பார்த்தபடி தோட்ட வீடு கட்ட யாருக்கும் மனம் வராதல்லவா.

[இங்கே ஆற்றின் அழகைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சம்பூர்ணம் அங்கே அழகைப் பார்க்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தார், அவ்வளவுதான். பத்தியை எடுத்துவிட்டேன்.]

"தக்கையப் பாரு, தூங்காத," என்பார் பக்தவச்சலம்.

"நீ பாரு. நான் தூங்கத்தான் வந்தேன்."

"மீனு வந்து இழுத்துச்சின்னா?"

"இழுக்கட்டும். ஒன்னமாரியே அதுக்கும் நேரங்காலம் தெரியாது."

அவர் ராகிக் களியைப் பதமாக உருட்டி, முள்ளில் குத்தி, மூச்சடக்கிக் காத்திருப்பார். பாதித் தூக்கத்தில் இருக்கும் சம்பூர்ணத்தின் தூண்டிலில்தான் கெண்டை மாட்டும். மழை முடிந்து பனியும் வந்து போயிற்று. ஒருவரும் அவர்களை எழுப்பவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவிடாதவர் பக்தவச்சலம்.

4

யாரும் எழுப்பாததே அவரை உறுத்தியது. அவருடைய தொழிற்சாலையில் கேட் பாஸ் இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. அங்கே பழகிய மனிதருக்குச் சீட்டில்லாத நிம்மதி திருட்டு நிம்மதியாகப் பட்டது.

"எவனாவது வந்து கேட்டா காட்டறதுக்கு ஒரு சீட்டு வேணாமா?"

"எவன் கேட்டான்?"

"கேட்டா இன்னா பண்ணுவ?"

"கேக்கும்போது எந்திரிச்சிக்கலாம். நீயா போயி கேட்டு வாங்கிக்காத."

போனார். அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். ஏலம், குத்தகை பார்க்கும் அலுவலகத்தில் சீனிவாசராகவன் என்ற குமாஸ்தா அவரை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். மல்லேஸ்வரத்துக்காரர், நல்ல மனிதர். [இவரையாவது கெட்டவராக்க முயன்றேன். அந்தக் காபி குறுக்கே நின்றது.]

"எந்த எடத்தச் சொல்றேள்?"

"சுடுகாட்டுக்குப் பின்னால, சார். ஆறு திரும்புது பாருங்க, அங்க. அது ஃப்ரீதான சார்? ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

சீனிவாசராகவன் வரைபடத்தைப் பிரித்தார். ஆற்றோடு ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"அடடே, இந்த வளைவு ஏலத்துல விட்டுப்போயிருக்கே. மீன் கெடைக்கறதோ அங்க?"

"நெறைய இருக்குது சார்," என்றார் பக்தவச்சலம் பெருமையாக.

"நல்லவேளை, வந்து சொன்னேள்."

5

ஒரு துளி நீரின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டரை வைத்தால், தெர்மாமீட்டரே அந்தச் சூட்டை மாற்றிவிடும். இதை மாணவிகளுக்கு வருஷாவருஷம் சொல்லித் தருகிறேன். ஒரு கேள்வி ஆற்றையே மாற்றும் என்று எனக்குத் தெரியாது.

ஆறு வற்றிக் கிடந்த கோடை கழிந்து அவர்கள் போனபோது வளைவில் பலகை நின்றது. பலகையடியில் குத்தகைக்காரரின் ஆள். பக்தவச்சலம் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.

"எறங்கு," என்றார் சம்பூர்ணம். "நீ கேட்ட சீட்டுதான். பலகையிலயே எழுதிக் குடுத்துட்டாங்க, படி."

மறுநாள்தான் பீக்கர் உடைந்தது.

காவலாளிக்குச் செருப்பில்லை. குமாஸ்தா காபி கொடுத்தார். கணவர் நேர்மையாகக் கேட்டார். நல்லவர்களாகவே சேர்ந்து ஒரு பெண்ணை ஆற்றங்கரையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். சுடுகாட்டுப் புகைக்குப் பக்கத்தில், வேறு யாரும் வேண்டாமென்று விட்ட மண்ணில் அவர் உட்கார்ந்தது, எந்தக் கஜானாவுக்கு என்ன நஷ்டம்? இதை நான் யாரிடம் கேட்பது? கேட்டால் அதற்கும் ஒரு பலகை வைப்பார்களோ என்னவோ.

6

முடிவுகள்.

அ. பக்தவச்சலம் பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிகிறார். (எழுதிப் பார்த்தேன். பலகையைப் பிடுங்கும் முன் அதற்கும் அனுமதி கேட்பார்.)

ஆ. சீனிவாசராகவன் மனம் நொந்து அந்த வளைவை ஏலத்திலிருந்து நீக்குகிறார். (இப்படி முடித்தால் நான் தொட்டியடிக்குப் போய்ச் சம்பூர்ணத்தைப் பார்க்க முடியாது.)

இ. போன திங்கட்கிழமை சம்பூர்ணம் வெயிலில் மூக்கு கறுத்து வந்தார். குடுவைகளை நிதானமாகக் கழுவினார்.

"இன்னொரு எடம் மாட்டிச்சும்மா. எப்பவும் தாண்டிப் போவோமே, அந்த ஊர தாண்டித்தான் போவணும்."

"எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

குழாயை மூடினார். "ஒங்க கதையில வருமா?"

"வரும்."

"அப்ப சொல்லமாட்டேன். அவருக்கே அந்த எடத்துப் பேர சொல்லல. கேரியர்ல ஒக்காந்து நான் லெஃப்டு ரைட்டு சொல்றேன், அவரு மிதிக்கிறாரு. பேரு தெரிஞ்சா போயி எழுதி வாங்கிடுவாரு, மனுசன்."

முதல் பிரிவில் ஒரு பெயரை அடித்தது அதனால்தான்.

ஆகவே இந்தக் கதையின் முடிவு தென்பெண்ணையில் எங்கோ இருக்கிறது. எனக்கே வழி தெரியாது. நீங்கள் தேடிப் போகலாம். பலகை இல்லாத கரை தென்பட்டால் உட்காருங்கள். அங்கே முன்பே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், சற்றுத் தள்ளி உட்காருங்கள். இது யாருடைய இடம் என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள்.