நிரம்பியிருந்த பாட்டில்கள்

தலைமையாசிரியை ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தோளில் துவண்டு கிடந்தது ஒரு பெண் குழந்தை. மறு தோளில் கைப்பை. ஓய்வு பெறுகிற வயது, மக்கர் பண்ணுகிற முழங்கால், காலைத் தட்டிவிடுகிற பட்டுப்புடவை. எதையும் அவர் பார்க்கவில்லை.

"முன்பக்கம் போகாத. பின்பக்கமா வா" என்றார், கூடவே ஓடி வந்த மூன்றாம் வகுப்பு டீச்சரிடம். முன்பக்கம் பந்தலில் பரிசுக் குழு உட்கார்ந்திருந்தது.

பொருள் அறைக் கதவை டீச்சர் தள்ளித் திறந்தாள். உடைந்த பெஞ்சுகள், கிழிந்த வரைபடங்கள், மூலையில் ஒரு விளையாட்டு மெத்தை. குழந்தையை அதில் கிடத்தினார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெண். பள்ளி முழுக்க அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அதனால்தான் விழாவில் 'எங்கள் பள்ளியின் சாதனைகள்' படிக்க அவளைப் போட்டிருந்தார்கள். கடைசி ஒத்திகையில், வெயிலில் நின்று இரண்டு வரி சொன்னவள், மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தபடியே சரிந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன் டீச்சர், இது சரிப்படாதுன்னு..."

"இப்ப அந்தப் பேச்சு வேண்டாம்" என்று தலைமையாசிரியை வெட்டினார். "வேற பிள்ளைய வச்சுப் படிக்கச் சொல்லு. இவ அம்மாவுக்கு போன் போடு. ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு ஊரைக் கூட்டிடாத. மூச்சு சீராத்தான் இருக்கு."

சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்காமல் போயிற்று.

ஆனால் வேறு வழி? சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. காலையில் தனியார் பள்ளி வேன்கள் தெருவையே அடைத்துக்கொண்டு நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். 'தூய்மையான பள்ளி' கேடயம் வந்தால் செய்தித்தாளில் படம் வரும், பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். வராவிட்டால் இந்தப் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரி பறக்கிற அந்தச் சாலையை இந்த வாண்டுகள் தினமும் கடக்க வேண்டும்.

தண்ணீர் எடுக்க வராந்தாவுக்கு வந்தார். எதிரே வந்து நின்றார் குழுவின் தலைவி, உயரமான அதிகாரி அம்மா.

"உங்களைத்தான் தேடினேன். காலைல உங்க கழிப்பறையைப் பார்த்ததிலேர்ந்து அதே பேச்சுதான் எங்களுக்குள்ள. டைல்ஸ்ல முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கு. எங்க ஆபீஸ்ல வந்து பாருங்க, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் போகணும். என்ன ரகசியம்?"

"பிள்ளைங்களோட ஒத்துழைப்புதான் மேடம்" என்றார் தலைமையாசிரியை, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அதிகாரி சிரித்துக்கொண்டே போனார். தலைமையாசிரியை மூன்றாம் வகுப்பு வாசலில் இருந்த பாட்டில் அலமாரிக்குப் போனார். இடது பக்கம் பையன்கள், வலது பக்கம் பெண்கள். ரேடியோவின் மஞ்சள் பாட்டிலை எடுத்தார். கனத்தது. கழுத்துவரை தண்ணீர்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

பக்கத்துப் பாட்டிலைத் தூக்கினார். அதுவும் நிறைய. அடுத்தது, அதற்கடுத்தது. வலது பக்கம் முழுக்க ஒரு வாய் குறையவில்லை. இடது பக்கம் தொட்டார். எல்லாம் காலி. ஒன்று அவர் விரல் பட்டதும் உருண்டு விழுந்து கடகடவென்று ஓடியது.

அவருக்குப் புரிந்துவிட்டது.

பொருள் அறைக்குத் திரும்பியபோது ரேடியோவின் அம்மா வந்துவிட்டிருந்தாள். அடுத்த தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஜாக்கெட் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. விழாவுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ கண் விழித்திருந்தாள்.

"என்னாச்சு டீச்சர் இவளுக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற அந்த இரண்டு ஜோடிக் கண்களைப் பார்த்தார் தலைமையாசிரியை. நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"காலைல வயிறு நிறைய குடுத்து அனுப்பணும்மா. வெறும் வயித்தோட வெயில்ல நின்னா மயக்கம் வராம என்ன வரும்?"

"சாப்பிட்டாளே டீச்சர். நான்தானே ஊட்டிவிட்டேன்..." வாசலில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அதைக் கவனித்த இஸ்திரிக்காரியின் தலை தாழ்ந்தது. "கடை அவசரத்துல சரியா குடுக்கலையோ என்னவோ. என் மேலதான் தப்பு. மன்னிச்சுக்குங்க டீச்சர். உங்க விழா நேரத்துல தொந்தரவு பண்ணிட்டா."

மன்னிச்சுக்குங்க. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. "இந்த ஆண்டின் தூய்மையான பள்ளிக்கான கேடயம்..." மீதி கைத்தட்டலில் அமுங்கிப்போனது. வாசலில் நின்றவர்கள் பந்தலைப் பார்த்து ஓடினார்கள். "தலைமையாசிரியை அவர்கள் மேடைக்கு வரவும்."

அவர் நகரவில்லை. கையில் மஞ்சள் பாட்டில்.

அம்மா அதை வாங்கி மூடியைத் திருகினாள். "ஒரு வாய் குடிடி கண்ணு."

ரேடியோ உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்து, அவள் குரல்தானா என்று சந்தேகப்படும்படி மெதுவாகக் கேட்டாள். "பரிசு குடுத்துட்டாங்களா டீச்சர்? இப்ப குடிக்கலாமா?"

"தண்ணி குடிக்கறதுக்கு யாரைடி கேக்கணும்?" என்றாள் அம்மா.

"குடிச்சா வரும்மா. வந்தா எங்க போறது?"

"இதென்னடி கேள்வி? அதான் மாளிகையாட்டம் கட்டி வச்சிருக்காங்களே."

ரேடியோ, டீச்சரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற மாதிரி கூரையைப் பார்த்தாள்.

"தலைமையாசிரியை அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

தலைமையாசிரியை மெத்தையின் ஓரத்தில், தரையிலேயே உட்கார்ந்தார். காலையிலிருந்து தோளைவிட்டு இறக்காத கைப்பையைத் திறந்தார். உள்ளே துழாவி எதையோ எடுத்து, இஸ்திரிக்காரியின் சூட்டில் காய்த்துப்போன உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு சாவி.

"இவ சாப்பிட்டுதான் வந்திருக்கா. நான் பொய் சொன்னேன்" என்றார். "டைல்ஸ் போட்ட அன்னிக்கே பூட்டிட்டேன்மா, அழுக்காயிடக் கூடாதுன்னு. பையனுங்க சுவரோரம் ஒதுங்கிடறானுங்க. பொண்ணுங்க பாட்டிலைத் திறக்கறதே இல்ல. இன்னிக்குக் காலைலதான் திறந்துவிட்டேன், அவங்க பார்க்கறதுக்கு."

கைப்பையை மூடித் தரையில் வைத்தார்.

"அவங்க பார்த்துட்டுப் போனதும் மறுபடியும் பூட்டிட்டேன்."