பதினாலாம் வரிசை, இருபத்திரண்டாம் இருக்கை

இன்றைக்குத் தேசிய விளையாட்டு வளாகம் என்று பெரிய பெயர். 1941-இல் அந்த மைதானத்துக்குச் செங்கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஐம்பதாயிரம் பேர் உட்கார இடம், ஓட்டப்பாதை, புல்தரை எல்லாம் தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாப் பந்தாட்டம் என்றார்கள். அன்று விடிகாலையில் ஜெர்மன்காரன் எங்கள் கீவ் நகரத்தில் குண்டு போட்டான். ஆட்டம் தள்ளிப்போனது. வாங்கிய டிக்கெட் போர் முடிந்த பிறகும் செல்லும் என்றார்கள். ஏதோ ஒரு மாதச் சண்டை என்ற நினைப்பு எங்களுக்கு.

ஏழு வருஷம் கழித்து, இடிந்ததை எல்லாம் சரிசெய்து திறந்தபோது, மூன்றாம் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு. முதல் ஆளாக மெலானியா வந்தாள். எங்கள் குடியிருப்புக்குப் போருக்குப் பிறகு குடிவந்தவள். அவள் கணவன் ஓமெல்யானை நான் பார்த்ததில்லை. தன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போர்முனைக்குப் போனவனாம். "காணவில்லை" என்று ஒரு கடிதம் வந்ததோடு சரி.

"அண்ணே, அவரு சீட்டு பதினாலாம் வரிசை, இருபத்திரெண்டு. என்னுது பக்கத்து சீட்டு. அவரு வந்தா ஒரு சத்தம் குடுங்க."

"ஏழு வருஷமா வீட்டுக்கு வராதவன் பந்து பாக்க வருவானா? நல்ல குடும்பம்மா உங்களுது!"

"வீடுதான் இடிஞ்சு போச்சே, எங்கன்னு வருவாரு? நான் இருக்கிற எடம்னு அவருக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அவளுடைய பழைய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் மேலே போய், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கும் நேரம். ஒரு சட்டைக்கை வெறுமையாகத் தொங்க ஒருவர் வந்து, பழுப்பேறிய டிக்கெட்டை நீட்டினார். பதினாலு, இருபத்திரண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மெலானியா! வந்துட்டாரும்மா!" என்று கத்திவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

அவர் உடம்பு விறைத்தது. "ஐயா, நான் ஓமெல்யான் இல்ல," என்றார் மெதுவாக. "அவனைப் பொதைச்சவன். 'பக்கத்து சீட்டுல எம் பொண்டாட்டி இருப்பா, நீ போய்ச் சொல்லு'ன்னு இதைக் குடுத்தான்."

பாவி, என் அவசர வாய்! நிமிர்ந்து பார்த்தேன். முக்காடு நழுவியது தெரியாமல், சிரித்துக்கொண்டே, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள் மெலானியா. விட்டால் அவர் முகத்தைப் பார்த்துவிடுவாள். நான் விடவில்லை, இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன்.