தாளில் மட்டும் பிரிந்தவர்கள்

அரசாங்கம் நல்ல மனதோடுதான் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைவாசி விஷம்போல் ஏறிக்கொண்டிருந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு வீட்டு வாடகையில் பாதியைத் தருகிறோம் என்றார்கள். அவ்வளவுதான், அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆறே மாதத்தில் பதினோரு தம்பதிகள் பிரிந்துபோனார்கள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை; எல்லாம் தாளில் மட்டும். ஆண்கள் அண்ணன் வீட்டிலும் அக்கா வீட்டிலும் முகவரியைப் பதிந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சமர்த்தாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாம் மாடித் தையல்காரிதான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். "கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையேடி" என்று கிண்டல் வேறு. மிச்சமான வாடகையில் சின்னவளுக்குக் கண்ணாடி வந்தது, பெரியவன் வேனில் பள்ளிக்கூடம் போனான். நாளடைவில் அவளுக்குப் பயமும் விட்டுப்போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரும்புக் கம்பிக் கட்டு சரிந்து அவன்மேல் விழுந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். "ஆபரேஷனுக்குக் கொண்டுபோறோம். பிழைக்கிறது கஷ்டம். இப்ப நினைவு இருக்கு. குடும்பத்துல ஒருத்தர் போய்ப் பாத்துடுங்க."

அவள் எழுந்தாள். கதவோரம் மேஜை போட்டிருந்த குமாஸ்தா நிறுத்தினார்.

"நீங்க யாரும்மா?"

"அவர் சம்சாரம்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவருக்கு அண்ணன் மட்டும்தான்னு இருக்கு. நீங்க பிரிஞ்சுட்டதா உங்க கையெழுத்தே இருக்கே."

அந்த அண்ணன் கப்பலில் சமையல்காரன். எந்தக் கடலில் இருக்கிறானோ.

"அது சும்மாங்க, வாடகைக்காக" என்று வாய் தவறி வந்துவிட்டது. அரசாங்க ஆளிடமே சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். ஆனா நான் விட்டாலும் இந்தக் கதவு விடாது, பதிவைப் பாத்துத்தான் திறக்கும். பதிவை இங்கயே மாத்தலாம். மாத்தினா வாங்கினதையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. வீடும் போகலாம். யோசிச்சுக்கங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மாத்துங்க. எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். சீக்கிரம் மாத்துங்க."

அவர் தட்டினார். அவள் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. அதைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்கு ஓடி, கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். கதவு அசையவில்லை.

குமாஸ்தா மெல்ல எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது நடைமுறைக்கு வர ஏழு வேலை நாள் ஆகும்மா."

அவளுக்கு முதலில் அர்த்தமே ஆகவில்லை. ஆனபோது சீட்டை மறுபடி கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். உள்ளே கட்டிலின் சக்கரங்கள் உருளத் தொடங்கின. "இங்கதாங்க இருக்கேன்" என்று இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். அவன் மறுபடி கூப்பிட்டான். அப்புறம் இன்னொரு கதவு சாத்தப்படும் சத்தம்தான் கேட்டது.