முழுசா போயிடுச்சா

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தங்கை வந்தாள், அக்காவின் தையல் மிஷினை எடுத்துப்போக. அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். இருபத்தாறு வயது. ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை. இன்னும் வாலுதான்.

மிஷினைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்தேன். அவள் எடுக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

ஜன்னல் பக்கம் திரும்பி, தாடையை வெளிச்சத்தில் காட்டினாள். காட்டிய உடனே உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கும் தாடையில முடி வந்துடுச்சு. பரம்பரைச் சொத்தை அக்கா எனக்கு எழுதி வெச்சுட்டுப் போயிட்டா. பிடுங்கிப் பிடுங்கி விரலே காய்ச்சுப் போச்சு. அக்கா அந்த கரண்ட் ஊசி போட்டுக்கிட்டாளே, அதுல முழுசா போயிடுச்சா?"

"போயிடுச்சு" என்றேன்.

"திரும்ப வரவே இல்லையா?"

"இல்ல."

"அப்பாடா" என்றாள். "அம்மாவைக் கேட்டா ஒப்பாரிதான் வரும், பதில் வராது. உங்களைக் கேட்டது நல்லதாப் போச்சு. கூடவே இருந்தவர் நீங்கதானே."

மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். போனதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான இரண்டாம் வருடம் என் அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் புது ஷேவிங் செட் வாங்கியதைப் பெருமையாகச் சொன்னான். நான், "எங்க வீட்டுக்கு ரெண்டு வாங்கணும்" என்றேன். சொல்லும்போது மனைவியின் தாடையைப் பார்த்தேன். அண்ணிக்குப் புரையேறிவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது என் மனைவிதான். சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அடுத்த வாரம் மின் ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடித்துப் போக ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தீர்மானம் எடுத்தேன்: இனி அவள் தாடையைப் பார்ப்பதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுவேன், நெற்றியைப் பார்ப்பேன், கைகளைப் பார்ப்பேன். அதைக் கண்ணியம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் ஒருநாள்கூடத் தவறவில்லை. பழக்கமான பிறகு அது சிரமமாகவே இல்லை.

என் வேலை மருந்துப் பெட்டிகளின் அட்டை அச்சைச் சரிபார்ப்பது. லென்ஸை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் புள்ளிகளைப் பார்க்கிறேன். ஒரு புள்ளி விடுபட்டால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். ஒரு முறைகூட விட்டதில்லை என்று என் மேலதிகாரி எல்லோரிடமும் சொல்வார்.

மனைவி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தாள். ஒருநாள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வாயில் குழாய், குழாயை நிறுத்த மூக்குக்குக் கீழே முழுவதும் பிளாஸ்திரி. அப்போது பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. வாலு பல மாத வெளியூர்ப் பயிற்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

வாலு, அக்கா ஊசி போட்டுக்கொண்ட அதே கிளினிக்கில் நேரம் வாங்கினாள். அங்கே ஒரு நிபந்தனை. ஐந்து வாரம் பிடுங்கக் கூடாது, நூல் போடக் கூடாது. ஊசி முடியின் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். முடி இல்லையென்றால் வழியில்லை. மழித்துக்கொள்ளலாம், ஆனால் கடைசி நான்கு நாள் அதுவும் கூடாது. ப்ளக்கரால் பிடிக்கிற அளவுக்கு வளர விட வேண்டும்.

அந்த நான்கு நாளில் மூன்றாம் நாள் வாலு போன் செய்தாள்.

"அத்தான், இன்னைக்கு ஒரு பெரியவர் சாவி வாங்க வந்தார். குனிஞ்சு ஏதோ எழுதிக்கிட்டு இருந்தேன். 'தம்பி'ன்னு கூப்பிட்டார். நிமிர்ந்தேன். பாவம், அவருக்குத்தான் வேர்த்துப் போச்சு. 'தங்கச்சி'ன்னு மாத்தினார். நான் சாவியைக் கொடுத்துட்டு, ரெண்டுல எது வேணும்னாலும் கூப்பிடுங்க ஐயா, ரூம் மூணாவது மாடின்னேன்."

"லீவு போட்டுரு."

"எதுக்கு? ஒரு வருஷம் ஆகும்கிறாங்க. மாசம் நாலு நாள் லீவு போட்டா சீட்டைக் கிழிச்சுருவாங்க. நீங்க போயிடுச்சுன்னு சொன்னீங்கள்ல, அந்த தைரியத்துலதான் நிக்கிறேன்."

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். என் வாய் திறந்தது. "தைரியமா இரு" என்று சொன்னேன். போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் அறையில் இருந்தது. அவளுக்குத் தைரியம் சொல்ல நான் யார்?

செவ்வாய்க்கிழமை அவளோடு கிளினிக்குக்குப் போனேன். அவள்தான் கூப்பிட்டாள். தனியாகப் போனால் வாசலிலேயே திரும்பி விடுவேன் என்றாள். அக்காவுக்கு ஊசி போட்டவர்கள் என்னைப் பார்த்தால் நன்றாகக் கவனிப்பார்கள் என்றும் சொன்னாள். என் மனைவி எத்தனையோ முறை போன இடம். நான் ஒரு முறையும் வந்ததில்லை.

மருந்துக் கடைக்கு மேல் ஒரே அறை. உயரமான கட்டில், அதன் மேல் காகித விரிப்பு, வளைகிற கையில் பெரிய பூதக்கண்ணாடி விளக்கு. நடத்துபவருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி அவரை ஊசியம்மா என்பாள். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தார். நாங்கள் யார் என்று வாலு சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன். பல் ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தி வந்து சொன்னா. ரெண்டு நாள் ஊசியைக் கையில எடுக்க முடியலை." என் முகத்தைப் பார்த்தார். "நீங்கதானா அவர்."

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை.

அலமாரியிலிருந்து மனைவியின் அட்டையை எடுத்தார். வாலுவிடம் காட்டினார்.

"பலன் எப்படி இருக்கும்னு எல்லாரும் போட்டோ கேப்பாங்க. நான் போட்டோ காட்ட மாட்டேன். வெளிச்சத்தை மாத்தினா மீசைகூட மறையும். நிமிஷத்தைப் பாரும்மா. முடி குறைஞ்சா நேரம் குறையும். இது பொய் சொல்லாது."

ஒவ்வொரு தடவையும் ஊசி போட்ட நிமிஷம் வரிசையாக எழுதியிருந்தது. அறுபது. அறுபது. ஐம்பத்தைந்து. நாற்பது. முப்பது. இருபத்தைந்து. அடுத்த வரியில் எட்டு. அதற்கடுத்து ஐம்பது. பிறகு மறுபடி மெதுவாக இறங்கி, கடைசி வரியில் பன்னிரண்டு.

எழுத்தைச் சரிபார்ப்பவன் நான். எட்டும் ஐம்பதும் எனக்கு உடனே பட்டன. வாலு கேட்டுவிட்டாள்.

"இங்க என்ன ஆச்சு? திடீர்னு ஏறியிருக்கே. திரும்ப வளர்ந்துடுச்சா?"

"திரும்ப வளரலை. ஊசி பட்ட வேர் திரும்ப வராது. அந்தத் தடவை பிடுங்கிட்டு வந்துட்டா. மொத்தத் தாடையும் மொழுமொழுன்னு இருந்துச்சு. நான் எதைப் பிடிச்சு இறக்குறது? எட்டு நிமிஷம் அங்கங்க தேடிப் போட்டு அனுப்பினேன். பிடுங்கினதெல்லாம் சேர்ந்து அடுத்த ரெண்டு மாசத்துல வந்து நின்னுச்சு. நாலஞ்சு மாசம் தள்ளிப் போச்சு. திட்டினேன் அவளை."

"அக்கா அப்படிப் பண்ண மாட்டாளே. சொன்ன பேச்சு கேக்குற ஆளு."

"அதனாலதான் பண்ணினா. வீட்டுக்காரர் கம்பெனியில விருந்து, 'ஏதாவது பண்ணிட்டு வா'ன்னு சொல்லிட்டார்னு சொன்னா."

எனக்கு அந்த விருந்து நினைவிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவள், "இந்தத் தடவை நான் வரலை, வியாழக்கிழமை ஊசி இருக்கு" என்றாள். ஊசி வியாழன், விருந்து செவ்வாய். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்: "ஒரு நாள் தானே. ஏதாவது பண்ணிட்டு வா." வந்தாள். விருந்தில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். நானும் அவள் புடவையைப் பாராட்டினேன்.

வாலு என்னைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. கடைசியில பன்னிரண்டு நிமிஷம். அதோட முடிஞ்சுதா?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. முடியெல்லாம் ஒரே நேரத்துல முழிச்சிருக்காது. பாதி தூங்கும். தூங்குறதுக்கு ஊசி எட்டாது. அதனால கடைசியா மூணு மாசம் விட்டுட்டு வான்னு அனுப்புவேன். புதுசா ஒண்ணும் எழும்பலைன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவ திரும்ப வரலை. பன்னிரண்டாவது வாரம் போயிட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் குத்தல் இல்லை. தொழில் செய்பவர் ஒருவர் தன் வேலை என்ன ஆனது என்று கேட்கிற குரல்தான்.

"பதினோரு வாரம் வீட்டுல இருந்தாளே. அது போதும், பார்த்தா தெரியும். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. நீங்கதான் சொல்லணும். எப்படி இருந்துச்சு?"

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். வாலுவின் தாடையில் நான்கு நாள் வளர்த்தது இருந்தது. என் ஒரு சொல்லை நம்பி வளர்த்தது.

போயிடுச்சு என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர்கள் இருவருக்கும் சந்தோஷம். சரிபார்க்க யாரும் இல்லை.

"தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"நான் பார்க்கலை."

"கடைசி பதினோரு வாரமா?"

"ஒன்றரை வருஷமா."

ஊசியம்மா மேலே தூக்கி விட்டிருந்த கண்ணாடியைக் கழற்றினார். அட்டையை எடுத்து உறையில் போட்டார்.

"ஷேவிங் செட் ரெண்டு வாங்கணும்னு சொன்னேன், எல்லார் முன்னாடியும்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கிறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன். அவளுக்கு சங்கடமா இருக்கக் கூடாதுன்னு."

"சங்கடம் யாருக்கு அத்தான்?" என்றாள் வாலு.

நான் கட்டிலின் காகித விரிப்பை நேராக்கினேன்.

"அப்புறம் ஏன் என்கிட்ட போயிடுச்சுன்னு சொன்னீங்க?"

"உனக்கு ஆறுதலா இருக்கும்னு."

"நான் ஆறுதல் கேட்டேனா? விவரம் கேட்டேன்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு நாளா இந்த மூஞ்சியோட மேஜையில நின்னேன். 'அத்தான் பார்த்திருக்கார், அத்தான் பார்த்திருக்கார்'னு சொல்லிக்கிட்டே நின்னேன். எங்கக்கா கண்ணாடி முன்னாடி நின்னு, பதினோரு வாரம் தன்னைத்தானே பார்த்துக்கிட்டு இருந்திருப்பா. 'போயிடுச்சு பாரு'ன்னு காட்ட ஒரு ஆள் இல்ல. அவளும் உங்க சங்கடத்தைப் பார்த்துப் பேசாம இருந்திருக்கா."

நான் எழுந்தேன். "வெளியில இருக்கேன்."

"இருங்க. இல்ல போங்க. உங்க இஷ்டம்." கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஊசியம்மாவிடம், "போடுங்கம்மா" என்றாள். "போயிடுச்சான்னு எனக்கு நானே பார்த்துக்கறேன்."

"யோசிச்சுட்டு வர்றதானா வா" என்றார் ஊசியம்மா. "அவசரமில்லை."

"ஊசி பட்ட வேர் திரும்ப வராதுன்னு சொன்னீங்கள்ல. அது நிஜம்தானே?"

"இருபது வருஷமா பார்க்குறேன். நிஜம். புதுசா வேற இடத்துல முளைக்கலாம். உடம்பு வாகு. அதுக்கு நான் கேரண்டி இல்லை."

"இப்படிச் சொன்னாப் போதும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் சின்னச் சின்ன டிக் சத்தம். ஒவ்வொன்றுக்கும் பின் சிறிது மௌனம். மனைவியின் தாடையை நினைத்துப் பார்க்க முயன்றேன். நெற்றி வந்தது. இடது புருவத்தில் இருந்த வெட்டு வந்தது. மாத்திரை அட்டைகளைக் கிழிக்கும் அவள் விரல்கள் வந்தன. கண்ணுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. அச்சில் மை ஏறாத இடம் போல வெறுமையாக இருந்தது. முதல் வருடத்தில் பார்த்ததாவது வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வாலு வந்தாள். கையால் தாடையை மூடியிருந்தாள். என் கண் தானாகத் தரைக்குப் போயிற்று.

"தரையில என்ன இருக்கு?" என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் கையை எடுத்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் ஆட்கள் எங்களைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். பார்த்தேன்.

"சிவந்திருக்கு" என்றேன். "கொஞ்சம் வீங்கியிருக்கு. குண்டூசி முனை மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. இடது பக்கம் கீழ இன்னும் ஏழெட்டு முடி விட்டிருக்காங்க."

"அது அடுத்த தடவைக்கு. ஒரே நாள்ல எல்லாம் போட்டா தோல் தாங்காதாம்." பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து, போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "எரியுது. மிளகாய் அரைச்ச கையால தடவின மாதிரி. அக்காவுக்கும் இப்படித்தான் எரிஞ்சிருக்குமா? வீட்டுக்கு வந்து ஏதாவது தடவிப்பாளா?"

வியாழக்கிழமை சாயங்காலங்கள். அவள் எனக்கு முன்பே வீட்டில் இருப்பாள். சமையலறை விளக்கைப் போடாமல் சமைப்பாள். கண் கூசுகிறது என்பாள். நான் சரி என்பேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

வாலு தலையாட்டினாள். அவள் பஸ் வந்தது. ஏறினாள். நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.